மூன்றாம் நம்பர் மெஷினில் விட்டு வந்த படம்

கேமரா வாங்கிய மாதமே கல்யாண ஆர்டர் பிடித்துவிடுகிற பிள்ளைகளே, வெளிச்சத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் பெட்டி என்னைவிட நன்றாக வெளிச்சம் பார்க்கும். படம் எடுத்து முடித்த பிறகு நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு எந்தப் பெட்டியிலும் பித்தான் கிடையாது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் என் ஸ்டுடியோ இருந்தது. யாரிடமும் நின்று தொழில் படித்தவனில்லை நான். கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். கடையை மூடி சில வருடங்கள் ஆகின்றன. இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணை மூடினால் முகங்கள் வருகின்றன. பெயர் வராது, ஊர் வராது. தண்ணீருக்கு அடியிலிருந்து எழும்பி வருவதுபோல முகம் மட்டும் மெல்ல மெல்ல வரும். அதன் பின்னால் அவர்கள் சொன்ன பேச்சு வரும். ஜனங்களின் பேச்சு என்றால் எனக்கு அன்றும் இன்றும் பைத்தியம். பாடாலூர் லாரி டிரைவர் ஒருவர் லைசென்ஸ் படத்துக்கு வந்து உட்கார்ந்து, "மூஞ்சி இருக்கிற மாதிரி வேணாம் சார், இருந்திருக்க வேண்டிய மாதிரி எடுங்க" என்றார். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் முந்திரிக்காட்டில் வேலை செய்கிற ஓர் அம்மா, ஜென்மத்தில் முதல் படம், லென்ஸைக் குனிந்து பார்த்துவிட்டு, "நான் முழுசா இதுக்குள்ள வந்துருவேனா?" என்று கேட்டார். வந்துவிடுவீர்கள் என்று சிரித்தேன். உள்ளே வந்தவரைப் பத்திரமாக வெளியே அனுப்புவது யார் வேலை என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

வருகிற முகங்களில் ஒன்று வரும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கேமரா டிஜிட்டல் ஆகி, ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்கள். செட்டிகுளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சின்ன வெங்காயம் போடுகிற ஒரு குடும்பம். மூத்த பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகப்போகிற பிள்ளை.

நம் பக்கம் சடங்கு என்றால் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் அசையாதே. சீர்த்தட்டும் அவன்தான், முதல் மாலையும் அவன்தான். அந்தப் பிள்ளையின் மாமனோ சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. அவன் முறைக்கு வேறொருவர் மாலை போட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. நானும் "இங்க பாரும்மா, இங்க பாரும்மா" என்று கத்திக் களைத்துப்போனேன்.

அப்போது வீட்டுப் போன் அடித்தது. மாமன்தான். அத்தனை நகையோடும் பூவோடும் எழுந்து ஓடியது பிள்ளை. அவன் என்ன சொன்னானோ, கேட்ட மறுநொடி வாய்விட்டு ஒரு சிரிப்பு. காதோரம் ரிசீவர், நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாக நழுவித் தொங்குகிறது, முற்றத்திலிருந்து வெங்காயச் சருகு ஒன்றிரண்டு காற்றில் மிதந்து வந்து வெளிச்சத்தில் நிற்கிறது. என் விரல் தானாகவே அமுக்கியது. அத்தனை வருடத்தில் நான் எடுத்த படங்களில் அதுதான் உயர்ந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

பிள்ளையின் அத்தை, அப்பாவுக்கு அக்கா, அங்கேயே ஒரு அதட்டல் போட்டார்: "ஏண்டி, பல்ல மூடு. சடங்குக்கு உக்காந்த புள்ளயாட்டமா இருக்க?"

அந்த அதட்டல் என் காதில் இருந்ததால், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது அந்தப் படத்தை நான் காட்டவில்லை. பிரிண்டும் போடவில்லை. ஆனால் அழிக்க மனசு வரவில்லை. என் கம்ப்யூட்டரில் பிள்ளையின் பெயர் போட்ட ஃபோல்டரில் அது கிடந்தது. கூடவே ஸ்கேன் செய்து வைத்த சடங்குப் பத்திரிகையும் கிடந்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் பத்திரிகையை ஒட்டுவது அப்போது எங்கள் வழக்கம். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், ஊர், வீட்டுப் போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன.

ஒரு வாரம் கழித்து அப்பா வந்தார். வாட்டசாட்டமான ஆள், பேச்சு மட்டும் சன்னமாக வரும். "மச்சான் போன்ல அழுவுறான் சார். ஆல்பத்த நான் எப்பவோ லீவு கெடச்சு வந்து பாத்து என்ன பண்றதுங்குறான். கம்ப்யூட்டர்ல அனுப்பலாமாமே, அனுப்பிவிடுங்க சார்" என்றார்.

ஸ்டுடியோவில் இன்டர்நெட் கிடையாது. இரண்டு தெரு தள்ளி ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு மெஷின், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. ஃபோல்டரை ஒரு சி.டி.யில் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் நம்பர் மெஷின் கிடைத்தது. சி.டி.யிலிருந்து நேராக அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபோல்டரை அப்படியே மெஷினுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, அதிலிருந்து மாலை போட்ட படங்களாக ஏழெட்டை மாமனுக்கு அனுப்பினேன். வேலை முடிந்தது. சி.டி.யை மறக்காமல் எடுத்து, கவரில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கேதான் தவறு. பிலிம் காலத்து ஆள் நான். நெகட்டிவ் என் பெட்டியில் இருக்கிறவரைக்கும் படம் என்னிடம்தான் இருக்கிறது என்று பழகிய கை. சி.டி. சட்டைப் பையில் இருந்ததால் அந்தப் பிள்ளையையே பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்தேன். பிள்ளை அங்கேயே இருந்தது. மூன்றாம் நம்பர் மெஷினைத் திறந்தால் முகப்பிலேயே, யார் வேண்டுமானாலும் உள்ளே போகிற மாதிரி, தன் பெயர், ஊர், போன் நம்பரோடு.

ஆடி மாதம் அப்பா மறுபடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், எம் பொண்ணு தனியா வந்து உங்ககிட்ட படம் எடுத்துக்கிச்சா?"

"இல்லைங்களே. ஏங்க?"

"வேற யாரு கூடயாச்சும் வந்து?"

"ஒரு தடவகூட இந்தப் படி ஏறுனதில்லைங்க. என்னன்னு சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னார். ஒரு மாதமாக வீட்டுக்குப் போன் வருகிறதாம். முன்பின் தெரியாத ஆண்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்களாம். "ஒருத்தன் மதுரப் பக்கம் பேசுறான். ஒருத்தன் இந்தியில பேசுறான். என்ன பேசுறானுவோன்னு உங்ககிட்ட என்னால சொல்ல முடியாது சார். எங்கக்கா எடுத்துக் கிழி கிழின்னு கிழிச்சிச்சு. அதுக்கும் சிரிக்கிறானுவோ."

கூப்பிட்டவர்களில் ஒரே ஒருவர் மனுஷராக இருந்திருக்கிறார். வயதான குரல். 'ஐயா, கம்ப்யூட்டர்ல இன்ன எடத்துல உங்க புள்ள படமும் நம்பரும் இருக்கு, மொதல்ல எடுக்கச் சொல்லுங்க' என்று சொல்லி, அந்த இடத்தின் விலாசத்தையும் எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறார். அப்பா அதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதி மடித்து வைத்திருந்தார். டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ என்று தொடங்கியது.

"உங்களுக்குத்தான் சார் கம்ப்யூட்டர் தெரியும். என்னன்னு பாத்துச் சொல்லுங்க. மண்டிக்குப் போயிட்டு வரேன்." படியில் இறங்கியவர் திரும்பி நின்றார். "பேரு, ஊரு, நம்பரு, படம். நாலும் போயிருக்கு. அவ குடுக்காம நாலும் ஒண்ணா எப்புடி சார் போவும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பாய் கடையில் கூட்டம் இல்லை. தாளைப் பார்த்து அவரே அடித்துக் கொடுத்தார். சிநேகிதம் பிடிக்கிற இடம் என்று ஏதோ ஒரு பக்கம் திறந்தது. அந்த நாளில் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீழாக, மூடுபனி விலகுகிற மாதிரி, ஒவ்வொரு கோடாக வரும். முதலில் ஒரு பச்சைச் சுவர் வந்தது. அப்புறம் பூ. அப்புறம் நழுவிய நெற்றிச்சுட்டி. மீதி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காதில் ரிசீவரோடு பிள்ளை சிரித்தது. கீழே, என்னைக் கூப்பிடுங்கள் என்பதுபோல வீட்டு நம்பர். அதற்கும் கீழே இங்கிலீஷில் நாலு வரி. பாய் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார்.

"வேணாண்ணே. நான் படிக்கல. யா அல்லா, பள்ளிக்கூடத்துப் புள்ளயால்ல இருக்கு. யாருண்ணே இது?"

மாமனோடு பேசிச் சிரித்த சிரிப்பை எவனோ எடுத்து, ஊரில் உள்ளவனையெல்லாம் கூப்பிடுகிற சிரிப்பாக மாற்றி வைத்திருந்தான். அந்தப் படத்தை அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. பிரிண்ட் இல்லை, ஆல்பத்தில் இல்லை. உலகத்தில் அது இருந்தது இரண்டே இடத்தில்தான். ஒன்று, மெஷினும் சி.டி.யுமாக என் ஸ்டுடியோ. இன்னொன்று, இந்தா, நாலு அடி தள்ளி, மூன்றாம் நம்பர்.

அதில் ஒருவர் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகிறவரை நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அவர் போனதும் உட்கார்ந்தேன். ஃபோல்டர் அங்கேயே இருந்தது. விட்டுப் போன இடத்திலேயே நின்று காத்திருக்கும் குழந்தை மாதிரி இருந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அழித்தேன்.

"என்னண்ணே அழிக்கிறீங்க?" என்றார் பாய்.

"ஒண்ணுமில்ல பாய். பழசு."

அது என் இரண்டாவது தவறு. அதன் கணக்கு பிறகு வந்தது.

மூன்றாவது தவறு அன்று சாயங்காலம். அப்பா மண்டியிலிருந்து திரும்பி வந்து கதவருகில் நின்றார். "பாத்தீங்களா சார்?"

"லைன் கெடைக்கலங்க."

அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. "பரவால்லங்க. நானே ஒரு முடிவு பண்ணிட்டேன். பள்ளிக்கூடத்த நிறுத்தியாச்சு. மச்சான் ஆவணியில லீவுல வரான், அவனுக்கே கட்டிக் குடுத்துர்றோம். அவன்கிட்ட இன்னும் பேசல, மாட்டேன்னா சொல்லப்போறான்? கடைசி முகூர்த்தம். தேதிய எழுதிக்கங்க, படத்துக்கு நீங்கதான் வரணும்."

ஆர்டர் நோட்டைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன். பதினாலு வயதுப் பிள்ளையின் கல்யாணத் தேதியை என் கையெழுத்திலேயே எழுதினேன். வேறு யாருடைய கையோ எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த இரண்டு நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பாஸ்போர்ட் படம் எடுத்தேன், குழந்தைக்கு மொட்டை போட்ட படம் எடுத்தேன். எல்லாம் கனவில் செய்வதுபோல நடந்தது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் இந்த ஜில்லாவில் ஒரு பெண்ணைப் பெற்றவரும் என் படியில் கால் வைக்க மாட்டார். நோட்டில் எழுதிய பேனாவும் என்னுடையதுதான், சும்மா இருக்கிற வாயும் என்னுடையதுதான் என்று ஒரே பாட்டாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஸ்டுடியோ பெஞ்சில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ரேஷன் கார்டு படம். அவர்கள் பேச்சு திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"அந்த வெங்காயக்கார வூட்டுப் புள்ளயா? போட்டோவ அதுவே குடுத்துச்சாம்ல."

"எட்டு மணி பஸ்சுல இதே பேச்சுத்தான். கண்டக்டர் வரைக்கும் தெரியும்."

"படிக்கிற புள்ளன்னாங்க."

"படிச்சதுனாலதான் கம்ப்யூட்டர்ல போடத் தெரிஞ்சிருக்கு."

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சிரிக்கிற சாதாரணச் சிரிப்புதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்களுக்குப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டி, செட்டிகுளம் பஸ் ஏறினேன்.

போகும் வழியில் மலையும் கோயிலும் வெயிலில் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்பதுபோல நின்றன. வீட்டு முற்றத்தில் வெங்காயம் மலையாகக் குவிந்திருந்தது. அத்தையும் நாலைந்து பெண்களும் வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். சிவந்த சருகு முற்றம் முழுக்கப் பறந்தது. போனின் வயரைப் பிடுங்கி, அதைத் துண்டில் சுற்றி மாடக்குழியில் வைத்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்ததும், "வாங்க சார், கல்யாணத்துக்கு எடம் பாக்க வந்தீங்களா?" என்றார்.

அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டேன். பழி நாலு பேர் நடுவில் விழுந்திருக்கிறது. அதைத் தனியாக எடுக்க முடியாது.

"உங்க பொண்ணு யாருக்கும் படம் குடுக்கலைங்க. அது நான் எடுத்த படம். சடங்கன்னிக்கு மாமனோட போன்ல பேசும்போது எடுத்தது. நான்தான் மாமனுக்கு அனுப்பப் போன எடத்துல பத்திரிகையோட சேத்து மறந்து விட்டுட்டு வந்துட்டேன். எவனோ அங்கேருந்து எடுத்துப் போட்டிருக்கான். அன்னிக்கு லைன் கெடைக்கலன்னு சொன்னதும் பொய்யிங்க. பாத்தேன். பயந்துட்டேன்."

அரிவாள்மனைகள் நின்றன. அப்பா கையை ஓங்கினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் வெங்காயக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணு நாளா அவ சோறு திங்கல சார்" என்றார். அவ்வளவுதான்.

அத்தைதான் எழுந்தார். "அப்ப அன்னிக்கே சொல்றதுக்கு என்ன வந்துச்சு ஒனக்கு? நல்லாப் படிக்கிற புள்ளய நடுவூட்ல உக்கார வெச்சு, 'சொல்லு, எவன்கிட்ட குடுத்த, எவன்கிட்ட குடுத்த'ன்னு நானே தலையில குட்டுனேன்டா. இந்தக் கையால."

உள்ளேயிருந்து பிள்ளை வெளியே வந்தது. இளைத்திருந்தது. நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. 'நான் சொன்னேன்ல' என்று அப்பாவைப் பார்க்கவில்லை. அழவில்லை. நேராக என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"அந்தப் படத்த இப்பவும் யாராச்சும் பாத்துக்கிட்டு இருப்பாங்களா சார்?"

அந்தக் கேள்விக்கு அன்றும் எனக்குப் பதில் தெரியாது. இன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் என்னைவிடப் பெரிய ஆள்.

அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. நான் ஒருத்தனா அவளத் தப்பா பேசுனேன்? அந்த பஸ்சே பேசுச்சு. அதுலதான அவ பள்ளிக்கூடம் போவணும்?"

"அப்ப பஸ்சுலயே வந்து சொல்லட்டும்" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துல எல்லாரையும் நிறுத்தி வெச்சு இங்க பாரு, இங்க பாருன்னு கத்துவல்ல? அந்த வாயாலயே கத்து."

பஸ்ஸுக்கு வருவதற்கு முன் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

மறுநாள் அப்பாவும் நானும் பெரம்பலூர் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே புகார் எழுதுகிற ரைட்டராக இருந்த ஏட்டம்மா ஒருவர் எங்களுக்கு வாய்த்தது எங்கள் பாக்கியம். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை என்று அவரே சொன்னார். ஆனால் மனுஷரை எப்படித் தொட வேண்டும் என்று தெரிந்தவர். புகாரோடு சேர்க்க அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வரச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு எடுங்க. கவர்ல போட்டு ஒட்டிக் குடுங்க. இன்ஸ்பெக்டரம்மா பாத்தாப் போதும். நான் பாக்க வேண்டியதில்ல. டேபிள் டேபிளா இது சுத்துனா, அவன் செஞ்சதையே நாமளும் செஞ்ச மாதிரி" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. பிள்ளைக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டே படத்தை நாலு பேருக்குக் காட்டுகிறவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நம்பர் மெஷினில் இருந்ததை அழித்துவிட்டேன் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அழிச்சிட்டீங்களா? எப்ப எவன் தொறந்தான்னு அதுலதானய்யா ஏதாச்சும் தெரிஞ்சிருக்கும். பாம்பு கடிச்ச புள்ளயத் தூக்கிட்டு வரவன், வழியில தடத்தக் கூட்டிப் பெருக்கிட்டு வர மாதிரி வந்திருக்கீங்க." அதுதான் நான் சொன்ன கணக்கு. மெஷினைச் சோதிக்க மேலிடத்துக்கு அனுப்பினார்கள், பதில் வரவில்லை. எவன் செய்தான் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பாய் கடையில் யார் வந்தார், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்று எழுதி வைக்கிற வழக்கம் அப்போது இல்லை. அதன்பின் வைத்தார். தடுப்புகளையும் அவரே உடைத்துப்போட்டு, ஆறு திரையும் தன் மேஜையைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தார். "வியாபாரம் கொறஞ்சா கொறையட்டும்ணே" என்றார். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்குத் தினமும் ஒரு கடிதம், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டி அனுப்பினதும் அவர்தான். பல வாரம் கழித்துத்தான் படத்தை அங்கிருந்து நீக்கினார்கள்.

கல்யாணப் பேச்சு ஏட்டம்மா காதுக்குப் போனதும் அப்பாவைப் பார்த்து, "பதினாலு வயசுக்கா? அவனத் தேடிப் புடிக்க நாளாவும். உங்களப் புடிக்க அஞ்சு நிமிசம் போதும், பரவால்லியா?" என்றார். அப்பா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். அன்றைக்கே சிங்கப்பூருக்குப் பேசினோம். மாமன் போட்ட சத்தம் போன் பூத்துக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. "மாமா, அவளுக்கு மால போட முடியலன்னுதான் அழுதேன். தாலி கட்ட முடியலன்னா அழுதேன்? படிக்க விடுங்க." ஆர்டர் நோட்டில் அந்தத் தேதியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு சடங்கும், ஒவ்வொரு பிறந்தநாளும் ஒரு வீட்டின் சாவி. படத்தைக் கொடுத்ததும் அவர்கள் எதிரிலேயே உங்கள் மெஷினில் இருப்பதைத் துடைத்துவிடுங்கள். பிடித்த படம் என்று ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. பெயரும் நம்பரும் படமும் ஒரே இடத்தில் படுக்கக் கூடாது. அடுத்தவர் மெஷினில் வைத்ததை, எழுந்து வரும்முன் எடுத்துவிடுங்கள். அப்படியும் ஒரு நாள் தவறிவிட்டால், ஒளிக்காதீர்கள், தடயத்தை அழிக்காதீர்கள், முதல் நாளே வாயைத் திறந்துவிடுங்கள். நான் மூன்று நாள் வாயை மூடியிருந்தேன். அந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை சோறு தின்னவில்லை.

இனி பஸ்.

எட்டு மணி டவுன் பஸ். அதற்கு முன்பே விடியற்காலை முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய், நிறுத்தத்தில் காத்திருந்து, முன்வாசலில் ஏறினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வெங்காய மூட்டையோடு பெண்கள், ஆபீஸ் போகிறவர்கள், நிற்க இடமில்லை. முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எல்லோரையும் பார்க்கத் திரும்பினேன். பாதி முகங்கள் நான் எடுத்த முகங்கள். வெயில் ஜன்னல் ஜன்னலாக அவர்கள் மேல் விழுந்திருந்தது. அப்பாவும் பிள்ளையும் பின்வாசலில் ஏறினார்கள். பிள்ளை சீருடையில் இருந்தது. பேச்சுச் சத்தம் குறைந்தது. யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க" என்றேன்.

"என்ன போட்டோக்காரரே, பஸ்சோட சேத்து எடுக்கப்போறீங்களா?" என்றார் ஒரு பெரியவர். சிரித்தார்கள்.

சொன்னேன். முற்றத்தில் சொன்னதையே சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. படம் என்னுடையது, தவறு என்னுடையது, அந்தப் பிள்ளை யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்காமலே ஓட்டினார். முடித்ததும், நடு சீட்டில் இருந்த ஒரு பெண் மடியில் வைத்திருந்த கூடையைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்.

"எம் மவ சடங்குக்கும் நீதான எடுத்த?"

"ஆமாம்மா."

"அதுவும் உன் பொட்டிக்குள்ள கெடக்கா?"

"கெடக்கும்மா."

"என் தங்கச்சி கல்யாணம்?" என்றார் இன்னொருவர். "எங்க பாப்பா காதுகுத்து?" என்று பின்னால் ஒரு குரல். ஒவ்வொருவருக்கும் ஆமாம் ஆமாம் என்றேன். அதுவரை பிள்ளையின் பக்கம் திரும்பியிருந்த பார்வையெல்லாம் ஒவ்வொன்றாக என் மேல் வந்து நின்றது. கனமாகத்தான் இருந்தது. கூடைக்காரப் பெண் பின்பக்கம் திரும்பி, "இந்தா, இப்புடி வா கண்ணு, நான் நின்னுக்கிறேன்" என்று எழுந்து தன் சீட்டைக் காட்டினார். பிள்ளை போய் உட்கார்ந்தது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பாவிடம் போனார். "எங்க?"

"எனக்கு டவுன் ஒண்ணு."

"பாப்பாவுக்கு பாஸ் இருக்கா?"

"இல்ல. புதுசு வாங்கணும்." அப்பா எப்போதும் சன்னமாகப் பேசுகிறவர் என்று சொன்னேன் அல்லவா? அன்று டிரைவருக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும், படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பள்ளிக்கூடம் ஒண்ணு குடுங்க."